பெருஞ்சீரகம் போட்ட வேட்டை

எங்கள் தோட்டத்தில் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்கு நான் பொறுப்பு. மூக்குத் துடைப்பது, சோறூட்டுவது, கை கழுவப் பழக்குவது, மத்தியானம் தூங்க வைப்பது, இதுதான் என் படிப்பு. இந்த வேலையில் ஒரு கெட்ட குணம் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாட்டுப் பாடி, கொஞ்சம் மிரட்டி, கடைசியில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தால் உலகத்தில் யாரையும் திருத்திவிடலாம் என்று நம்ப ஆரம்பித்துவிடுவோம். நான் என் வீட்டுக்காரரைத் திருத்தக் கிளம்பினேன்.

அவர் பசறையில் ஒரு லொறி கராஜில் வேலை செய்கிறார். ஆறு நாளும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வேறு ஆள். ஐந்து ஆண்கள், எட்டு நாய்கள், ஆளுக்கொரு தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, முனையில் இரும்பு வைத்த இரண்டு கம்புகள். தேயிலை மலையைத் தாண்டி, மானாப்புல்லைத் தாண்டி, காட்டுக்குள் போய்விடுவார்கள். பன்றி வேட்டை. நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் போட்டிருக்கிற கிழங்கையும் போஞ்சியையும் பன்றி வந்து உழுதுவிட்டுப் போகிறது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அது உண்மைதான். ஆனால் கிழங்கைக் காப்பாற்றப் போகிறவன் முகத்தில் அப்படி ஒரு கல்யாணக் களை வராது.

எனக்குப் பயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பன்றி பாயும், பாறை வழுக்கும். எல்லாவற்றையும்விடக் கட்டுத்துவக்கு. யாரோ மரத்தில் ஒரு துவக்கைக் கட்டி, பன்றி நடக்கிற தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கம்பியில் எது பட்டாலும் வெடிக்கும். மொனராகலைப் பக்கமாக இறங்கும் காடு முழுக்க அப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. வேட்டை முடிந்து நாய்கள்தான் முதலில் வீட்டுக்கு வரும். நாய்கள் வந்து ஆள் வராத அந்தப் பத்து நிமிஷத்துக்குள் நான் மனசுக்குள் தாலியறுத்து, எட்டாம் நாள் சடங்கு முடித்து, மகளைப் படிக்க வைக்க யாரிடம் போய் நிற்பது என்பது வரை யோசித்திருப்பேன். அப்புறம் அவர் சிரித்துக்கொண்டே வருவார். "கோழி ஆக்கிட்டியா?" என்பார்.

போன வருஷம் ஒரு பன்றி அவருடைய தொடையைக் கிழித்தது. பதுளை ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் காயத்தைப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார். "கொஞ்சம் உள்ளுக்குப் பட்டிருந்தா ஆள் முடிஞ்சிருப்பார். நீங்கள் மனுசியெண்டு என்ன செய்யிறியள்? மறிக்கேலாதோ?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இவரோ கட்டிலில் படுத்தபடி, அந்தப் பன்றி எவ்வளவு பெரியது என்று பக்கத்துக் கட்டில்காரருக்குக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஃபோனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். இங்கிலாந்தில் நரி வேட்டை. சிவப்புக் கோட்டு, குதிரை, ஒரு படை நாய்கள். நாயை விட்டு நரியைக் கடிக்க வைப்பது கூடாது என்று அங்கே சட்டம் போட்டுவிட்டார்களாம். அதனால் இப்போது ஓர் ஆள் வாசனை பூசிய துணியைக் கயிற்றில் கட்டி, காடு மேடெல்லாம் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடுகிறார். பிறகு நாயை அவிழ்க்கிறார்கள். நாய் வாசனையைப் பிடித்து ஓடுகிறது, குதிரை நாய்க்குப் பின்னால் ஓடுகிறது, கடைசியில் எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் காயமில்லை. நரிக்கு விஷயமே தெரியாது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இது பழைய வேட்டைக்கு ஈடாகுமா என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து என் டேட்டா முடிந்தது. மறுநாள் டேட்டா போட்டேன். ஆனால் அந்தக் கிழவரைத் தேடிப் போகவில்லை. ஈடாகாது என்று சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது?

காயம் ஆறி, நாய்கள் மறுபடி வாலை ஆட்ட ஆரம்பித்ததும், வேட்டைக்காரர்கள் ஐந்து பேரையும் எங்கள் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, பன்றிக்குப் பதிலாக நான் இழுக்கிற வாசனைச் சாக்குக்குப் பின்னால் ஓடலாம் என்று விஷயத்தைச் சொன்னேன். பேச ஆரம்பிக்குமுன் பழக்க தோஷத்தில் இரண்டு தடவை கையைத் தட்டினேன் என்று மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

சொல்லி முடித்தேன். என் வீட்டுக்காரர்தான் கேட்டார்: "பன்னி வந்து கெழங்கத் தோண்டுனா, நீ போயி முன்னால சாக்க இழுப்பியா?"

மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. டொக்டர் அம்மா ஏசியது, நாய்கள் மட்டும் வந்து நிற்கிற பத்து நிமிஷம், எல்லாவற்றையும் அத்தனை பேருக்கு முன்னால் கொட்டிவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, மூணு ஞாயித்துக்கெழம. ஒஞ் சாக்குக்குப் பின்னால வர்றோம். சரிப்பட்டு வரலன்னா, அப்புறம் இந்தப் பேச்ச நீ எடுக்கக்கூடாது" என்றார். எடுக்கமாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் ஞாயிறைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் துணியில் பெருஞ்சீரகம் மாதிரி மணக்கிற ஒரு தைலத்தைப் பூசுவார்களாம். பெருஞ்சீரகம்தானே, நம் வீட்டில் இல்லாததா? இரண்டு கைப்பிடி வறுத்து இடித்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, ஒரு சாக்கை அதில் ஊற வைத்தேன். வீடே மணத்தது. விடிந்ததும் அந்தச் சாக்கைக் கயிற்றில் கட்டி, தேயிலை மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே தண்ணீர்த் தாங்கி வரை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நாய்கள் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது நாய் இல்லை, லயத்துப் பக்கமிருந்து கூச்சல்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீட்டிலும் கோழிக்கறி. கோழிக்கறிக்கு என்ன போடுவோம் என்று எனக்குத் தெரியாதா? நான் கையால் அரைத்துப் போடுகிற பெருஞ்சீரகம்தான். நாய்கள் சாக்கை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, இதே வாசனை இதைவிட நன்றாக வருகிற பக்கம் ஓடிவிட்டன. எட்டு நாய்களும் பன்னிரண்டு குசினியையும் பங்கு போட்டுக்கொண்டன. கங்காணி வீட்டுச் சட்டி கவிழ்ந்தது. அந்த அம்மாவைச் சமாதானப்படுத்த என் சேவலைப் பிடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் தாங்கியிலிருந்து இறங்கி வந்தபோது என் வீட்டுக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்பில் சாய்ந்து கிடந்தார். தையல் போட்ட இடம் பிரிந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். சிரிப்பு தாங்கவில்லையாம்.

என்மேல் இரக்கப்பட்டவர் பூசாரி அண்ணன் ஒருவர்தான். எங்கள் முனியாண்டி கோயிலுக்குப் பூசை செய்கிறவர். வேட்டைக்கும் அவர்தான் மூத்தவர், காலடி பார்த்துப் பன்றி போன வழி சொல்வார். வாரம் முடிவதற்குள் ஒரு பழைய பன்றித் தோலை மயிரோடு கொண்டுவந்து கொடுத்தார். "தங்கச்சி, நாயிக்குக் கறிக்கொழம்பு மசாலா வேணாம். இதத் தண்ணியில ஊறப்போட்டு இழு" என்றார். சாக்கோடு சேர்த்து ஊறப்போட்டேன். இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு கோயிலடியிலேயே ஒரு வில்லங்கம். வேட்டைக்குப் போகுமுன் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்து, பன்றி கிடைத்தால் முதல் ஈரல் உனக்கு என்று வேண்டிக்கொள்வது வழக்கம். அதைச் செய்யாமல் ஒருவரும் நாயை அவிழ்க்கமாட்டார்கள். இன்றைக்குச் சாமியிடம் என்ன சொல்வது? வேட்டைக்குப் போகிறோம் என்றால் பொய். போகவில்லை என்றால் தேங்காய் எதற்கு? ஈரலுக்கு எங்கே போவது? தோலையும் சாக்கையும் பற்றி இவ்வளவு யோசித்த எனக்கு முனியாண்டி ஞாபகத்துக்கே வரவில்லை. இங்கிலாந்தில் அந்தச் சிக்கல் இல்லை போலிருக்கிறது. வீடியோவில் காட்டவில்லை.

ஐந்து ஆண்களும் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் பூசாரி அண்ணன் கற்பூரத்தைக் கொளுத்தி, "சாமி, இன்னைக்கு வெறும் சாக்குதான். ஒனக்குக் கொடுக்க ஒண்ணுமில்ல. ஆனாலும் கூட வந்து ஆளையும் நாயையும் பாத்துக்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லித் தேங்காயை உடைத்தார். எனக்கு அந்த மனிதர்மேல் அப்போது வந்த மரியாதை அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு வேட்டை பிரமாதம். எங்கள் வீட்டுக் கிழட்டுப் பெட்டை நாய்தான் கூட்டத்துக்குத் தலைவி. அதை மட்டும் என் வீட்டுக்காரர் கயிற்றில் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். அது வாசனையை உறுதியாகப் பிடித்துக் குரைத்தால்தான் மற்ற நாய்களை அவிழ்ப்பார்கள். பத்து எட்டு வைப்பதற்குள் குரைத்தது. எட்டு நாயும் தேயிலைக்கு நடுவே கத்திக்கொண்டு ஓட, ஐந்து ஆண்களும் பின்னால் ஓட, நான் தாங்கியடியில் ராணி மாதிரி உட்கார்ந்து வரவேற்றேன். வேட்டை இறைச்சியை லயத்துக்கெல்லாம் சமமாகப் பங்கு வைப்பார்கள், நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று நான் ஒரு பெரிய சட்டி நிறையக் கடலை அவித்து வைத்திருந்தேன். பூவரசம் இலையில் வைத்து ஆளுக்கொரு பங்கு கொடுத்தேன்.

"இது வேட்ட இல்ல, பஜன" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் நானே கேட்டேன், எப்படி இருந்தது என்று. "நல்லாத்தான் இருந்துச்சு. நாயிக்குச் சந்தோசந்தான். ஆனா முன்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே. நீ இருக்க, கடலச் சட்டி இருக்கு. தெரிஞ்ச பாதையில ஓடுறதுக்கு நான் என்ன பதுள பஸ்ஸா?" என்றார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அதைக் கேட்டுவிட்டு, இந்த மனிதர் காட்டில் எதைத் தேடிப் போகிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். நான் யோசித்தது வேறு. தெரியாத பாதையா வேண்டும்? போட்டுத் தருகிறேன் பார். இன்னும் ஒரு ஞாயிறு இருந்தது. அதில் தோற்றால் வாழ்நாள் பூராவும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அது என்னால் முடிகிற காரியமா?

மூன்றாம் ஞாயிறு ஆறு மணிக்கே கிளம்பினேன். அவருடைய ரப்பர் பூட்ஸ் எனக்கு இரண்டு சைஸ் பெரியது, அதைப் போட்டுக்கொண்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். தேயிலையைத் தாண்டினேன். என் தலைக்கு மேலே வளர்ந்த மானாப்புல்லைத் தாண்டினேன். காட்டு ஓரமாக மட்டும் போய்த் திரும்புவது என்று நினைத்திருந்தேன். காட்டுக்குள் போகாதே போகாதே என்று பதினெட்டு வருஷம் பிரசங்கம் செய்தவள், ஓரம் என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உள்ளே அருமையான ஒரு தடம் இருந்தது. முள்ளெல்லாம் ஒதுங்கி, மண் மிதிபட்டு, யாரோ எனக்காகவே வழி செய்து வைத்த மாதிரி. அந்த வழியைப் போட்டது யார் என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை. காடு ஒன்றும் இவர்கள் சொல்கிற அளவுக்குப் பயங்கரமில்லை, ஆம்பிளைகள் சும்மா பெருமைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

தடத்துக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. சாக்கு அதில் மாட்டிக்கொள்ளும் என்று தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். மேலே நின்று குனிந்தால் மரத்தின் அந்தப் பக்கம் பூரா அட்டை நெளிகிறது. எனக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். எட்டிக் குதித்தேன். அப்புறம் சாக்கைக் கீழே போட்டு இழுத்துக்கொண்டு, காட்டைச் சுற்றித் தாங்கிக்கு இறங்கிவிட்டேன். பிளாஸ்க்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தேன். நான் கெட்டிக்காரி என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

எட்டரை மணியிருக்கும், மேலே காட்டுக்குள் வெடிச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு வெடி. எங்கள் ஆட்களிடம் துவக்கு கிடையாது. அது என்ன சத்தம் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவர் என் சாக்கின் வாசனைக்குப் பின்னால் வருகிறார், நாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வருகிறார் என்பதும் தெரியும். அவரை அந்தத் தடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். நான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

வந்த வழியிலேயே மேலே ஓடினேன். ஒரு பூட்ஸ் எங்கேயோ கழன்றது. மேலேயிருந்து ஆண்கள் கத்துவது கேட்டது. அவரைக் கிடத்திவிட்டு அழுகிறார்கள் என்று எண்ணி இன்னும் வேகமாக ஓடினேன். கிட்டப் போனபோதுதான் சொல் விளங்கியது. "வராத! நில்லு! அங்கனயே நில்லு!" என் வீட்டுக்காரருடைய குரல்தான். அந்தக் குரலைக் கேட்டதும் நிற்கவா தோன்றும்?

அவர் விழுந்த மரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் கிழட்டு நாயின் கயிறு. முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் பூசாரி அண்ணன் ஒரு நீளமான மரக்கொப்போடு நின்றார். கரிமருந்து நாறியது.

"ஒண்ணு கட்டுனவன் ஒண்ணோட விடமாட்டான்டி! இன்னொன்ன எங்க கட்டியிருக்கான்னு தெரியுமா ஒனக்கு? ஓடி வர்ற!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். என்னை அவர் 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

பூசாரி அண்ணன்தான் நடந்ததைச் சொன்னார். வாசனை காட்டுக்குள் போகிறதே என்று மற்ற நாய்களை அவிழ்க்கவில்லையாம்; மரத்தடி வரை வாசனையைப் பிடித்து வந்த கிழட்டு நாய் அங்கே திகைத்து நின்றுவிட்டதாம். நான் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டதால் வாசனை அறுந்துபோயிருந்தது. எந்தப் பக்கம் போயிருப்பேன் என்று பார்க்க இவர் மரத்தின்மேல் ஏறிக் குனிந்திருக்கிறார். அந்தப் பக்கம், முழங்கால் உயரத்தில், இந்தச் செடிக்கும் அந்த மரத்துக்குமாகக் கம்பி. கயிற்றைச் சுண்டி நாயை நிறுத்திவிட்டு, எல்லோரையும் பின்னால் போகச் சொல்லி, எட்ட நின்று கொப்பால் தட்டி வெடிக்க வைத்திருக்கிறார்கள். "சாக்கு இழுக்கத் தெரிஞ்சவளா இருந்தா தூக்கியிருக்கமாட்ட தங்கச்சி. ஒனக்குத் தெரியாததுனால பொழச்சோம்" என்றார். என்னை யாரும் இவ்வளவு சரியாக எடை போட்டதில்லை.

என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து மெதுவாக இறங்கினார். கத்தியதெல்லாம் போய், பழையபடி நாலு வார்த்தைக்காரராகிவிட்டார்.

"இங்க எப்படி எறங்குன?"

"குதிச்சேங்க."

"ஏன் குதிச்ச?"

"அட்ட இருந்துச்சு."

குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்தார். ஈர மண்ணில் அவருடைய பூட்ஸின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது, நான் குதித்த தடம். அறுந்து கிடந்த கம்பியின் ஒரு நுனியைப் பிடித்து, முன்பு இருந்த மாதிரி குறுக்கே இழுத்து வைத்துப் பார்த்தார். பிறகு கம்பிக்கு நேர் கீழே இருந்த இடத்துக்கும் குதிகால் பதிந்த இடத்துக்கும் நடுவில் கையை வைத்தார். நாலு விரல். பெருவிரலுக்கு இடமில்லை.

"எந்திரிங்க, போவோம்" என்றேன்.

எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து பிடிக்குமுன் தையல் போட்டபோதுகூட அழாத மனிதர். பூசாரி அண்ணன் நாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

"இனிமே இங்க வராத" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க?"

பிடித்திருந்த கம்பி நுனியைக் கீழே போட்டார். "நானும்" என்றார். கையை மட்டும் மண்ணிலிருந்து எடுக்கவில்லை.